பிறப்பாடை

(சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





அகதியாக வளர்ந்த ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதையிலே குறியீடுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது பற்றிப் பேசுமாறு உங்கள் இலக்கியக் குழுவினர் என்னைக் கேட்டனர். இப்பொருளை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "உயிர் தப்பி ஓடிவந்தவன் கதையிலே குறியீடு தேடுவதா? பாணுக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றவனுக்கு அலங்காரம் எதற்கு?" என்றார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறும் முயற்சியே இப்பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறியீடு என்பது நமக்குப் புதியதன்று. ஒரு குடத்தில் நீர் நிறைத்து, நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்துவிட்டால் அதன்பின் அதனை எவரும் குடம் என்று சொல்வதில்லை, கும்பம் என்கிறோம், கைகூப்புகிறோம். குடம் குடமாகவே இருக்கிறது. எனினும் தனக்கு அப்பாலான ஒன்றை அது தாங்கி நிற்கிறது. இலக்கியத்திலும் அப்படியே. தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் கூறியவை, சொன்ன பொருளுக்குள்ளே சொல்லாத பொருளை வைக்கும் வழிகளே. ஆனால் புலவனுக்கு ஒரு வசதி உண்டு. பூவோ, பறவையோ, சுனையோ, தனக்கு வேண்டியதை அவன் தேர்ந்துகொள்ளலாம். அகதிக்கு அந்த வசதி இல்லை. கையில் எஞ்சியது எதுவோ அதுவே அவனுக்குக் குறியீடு. வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது; ஆகவே வீடு முழுவதும் ஒரு துணியிலோ, ஒரு சொல்லிலோ, ஒரு கதையிலோ வந்து அடங்கிவிடுகிறது. நண்பர் அலங்காரம் என்றார். யான் அதனை மூட்டை என்பேன். ஓடுகிறவன் தலையிற் சுமந்த மூட்டை.

நூலும் நூலாசிரியரும்

யான் எடுத்துக்கொண்ட நூல், கவோ கலியா யாங் என்னும் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதி, 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'த லேற்ஹோம்கமர்'. 'காலந்தாழ்த்தி வீடு வந்தவர்' என்று தமிழிற் சொல்லலாம். 2009இல் மினசோட்டா மாநிலத்துப் புத்தகப் பரிசுகளுள் இரண்டு இந்நூலுக்குக் கிடைத்தன. ஆசிரியர் ஹ்மொங் இனத்தவர். 1980ஆம் ஆண்டின் இறுதியில், தாய்லாந்து நாட்டின் பான் வினாய் அகதி முகாமிலே பிறந்தார். 1987இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் செயின்ற் போல் நகருக்குச் சென்று குடியேறினார்.

ஹ்மொங் மக்கள் லாவோஸ் நாட்டின் மலைகளிலே பயிர் செய்து வாழ்ந்தவர்கள். வியட்னாம் யுத்த காலத்தில், 1960களின் தொடக்கத்திலிருந்து, அமெரிக்க உளவு நிறுவனம் அவர்களுடைய ஆண்களையும் சிறுவர்களையும் திரட்டிப் போரில் இறக்கியது. அந்தப் போர் அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் நடத்தப்பட்டது. ஆதலால் இரகசிய யுத்தம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் நிறை 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகம். 1975 மே மாதத்தில் தளபதிகளையும் அவர்களைச் சார்ந்த சில ஆயிரம் பேரையும் விமானங்கள் ஏற்றிச் சென்றன. மற்றவர்கள் மலையிலே விடப்பட்டனர். வெற்றி பெற்றவர்கள் அவர்களைப் பகைவரின் கூலிகள் என வேட்டையாடத் தொடங்கினர்.

கலியாவின் தந்தையும் தாயும் ஒருவரை ஒருவர் சந்தித்தது காட்டிலே, ஓடி ஒளிந்து திரிந்த அந்த நாட்களிலே. தாய்க்கு அப்போது பதினாறு வயது. தன் தாயை விட்டுக் கணவனின் குடும்பத்தோடு புறப்பட்டவர், பின்னர் அந்தத் தாயைக் காணவே இல்லை. 1979இல் அக்குடும்பம் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பிச் சென்றது. அடுத்த ஆண்டு கலியா பிறந்தார். ஆகவே யுத்தத்தை அவர் கண்டவர் அல்லர். மலையையும் கண்டவர் அல்லர். அவர் அறிந்த முதல் ஊர் முகாம். ஆனால் முகாமிலே பெரியவர்கள் அவரைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்பார்களாம். "ஹ்மொங்" என்று விடை சொல்லப் பிள்ளை பழக்கப்பட்டது. ஊர் இல்லாத பிள்ளைக்கு முதலிற் கொடுத்த சொத்து ஒரு சொல்.

மேகம்

நூலின் தொடக்கத்திலேயே ஓர் அழகிய நம்பிக்கை வருகிறது. குழந்தைகள் பிறப்பதற்கு முன் வானத்திலே வாழ்கின்றன. மேகங்களிடையே பறந்து விளையாடுகின்றன. அங்கிருந்து பூமியைப் பார்த்து, தாங்கள் எவரிடம் பிறப்பது என்று தாமே தேர்ந்துகொள்கின்றன என்று ஹ்மொங் மக்கள் சொல்வார்கள்.

மலைக் கிராமத்தில் இது குழந்தைகளுக்குச் சொல்லும் இனிய கதையாக இருந்திருக்கும். முகாமிலே அதன் கனம் வேறாகிறது. ஒரு குழந்தை முள்வேலியும் தூசியும் மலநாற்றமும் நிறைந்த இடத்தைக் கண்டும், "இந்தத் தாயே எனக்கு வேண்டும்" என்று இறங்கி வந்தது என்றால், அத்தாய்க்கு அதைவிட ஆறுதல் என்ன? தான் பிள்ளையைத் துன்பத்திற்குள் பெற்றுவிட்டேன் என்று வருந்துகிறவளுக்கு, பிள்ளையே தன்னைத் தேடி வந்தது என்று அக்கதை சொல்கிறது. கலியாவுக்குப் பின் தாய்க்குக் கருச்சிதைவுகள் பல நேர்ந்தன. இறங்கி வந்து தங்காமற் போன அப்பிள்ளைகளையும் அந்த மேகம் ஏற்றுக்கொள்கிறது. அவர்கள் அழிந்தவர்களாகாமல் வானத்திற்கே திரும்பியவர்களாகிறார்கள். மருந்தும் வைத்தியரும் குறைந்த இடத்திலே ஒரு கதை மருந்தின் வேலையிற் பாதியைச் செய்தது.

ஆறும் துணியும்

ஹ்மொங் மக்களிடையே வழங்கும் பழங்கதை ஒன்றைச் சொல்லவேண்டும். முன்னொரு காலத்தில் அவர்களுக்கும் எழுத்தும் புத்தகமும் இருந்தனவாம். பகைவர்க்கு அஞ்சி ஓடி ஓர் ஆற்றைக் கடக்கையில் அவை நீரோடு போயினவாம். வேறொரு கதையின்படி, எழுத்துக்குத் தடை வந்தபோது பெண்கள் அதனைத் தங்கள் ஆடைகளின் பூவேலைக்குள் ஒளித்து வைத்தார்களாம். நாளடைவில் பூவை வாசிக்கும் முறை மறந்து, பூ மாத்திரம் எஞ்சிற்றாம்.

பண்டௌ என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பூத்துணியிலே நத்தையின் சுழி போன்ற கோலம் ஒன்று அடிக்கடி வரும். சுழியின் நடுவிலே முன்னோர்; வெளியே விரிந்து செல்லும் வளையங்கள் பின்வந்த தலைமுறைகள் என்பர். முகாம்களுக்கு வந்தபின் அத்துணி மாறியது. 1970களின் நடுப்பகுதிக்குப் பின்பு பெண்கள் சுழிகளோடு நில்லாமல் மனிதரையும் தைக்கத் தொடங்கினர். கிராமம், சோளக் கொல்லை, வானத்திலே விமானம், கீழே எரியும் வீடு, மூட்டையோடு ஓடும் மக்கள், நீல நூலிலே மீகொங் ஆறு, ஆற்றின் மறுகரையிலே முகாம். இவற்றை வெளிநாட்டவர்க்கு விற்றுப் பிள்ளைகளுக்கு உணவு வாங்கினர். கதைத்துணி என்று உலகம் இன்று அதனை அறியும்.

இங்கே நண்பருடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. குறியீடா, சோறா என்று அவர் பிரித்துக் கேட்டார். முகாமிலே அவை பிரிந்திருக்கவில்லை. தைத்த கையே உலையும் வைத்தது. ஊரை நினைத்துத் தைத்தது, அன்றைக்கு அரிசியாயிற்று.

ஆறும் அப்படியே. அது வெறும் எல்லை அன்று. புத்தகம் போன ஆறு என்ற பழங்கதையை அறிந்த மக்கள், மறுபடியும் ஓர் ஆற்றங்கரையிலே வந்து நின்றார்கள். இம்முறை போனவை புத்தகங்கள் அல்ல, உயிர்கள். கலியாவின் தந்தை முதிய தாயோடும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மூங்கிலின் துணைகொண்டு அந்த ஆற்றைக் கடந்தார். அந்த ஆறு கடந்த கதையை ஒரு மகள் எழுதிப் புத்தகமாக்கினாள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆற்றிலே போன புத்தகம் ஒன்று திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றுகிறது.

மின்குமிழ்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். முகாமை விட்டு வந்தாயிற்று. இனித் துன்பம் இல்லை என்று எண்ணுவோம். நூலின் பின்பகுதி அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

வீட்டிலே மின்குமிழ் எரிந்துபோயிற்று. தாய் சிறுமி கலியாவை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குச் செல்கிறார். மின்குமிழுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியாது. கடைப் பணியாளரிடம், உலகத்தை ஒளிரச் செய்யும் பொருளைத் தேடுகிறேன் என்ற கருத்துப்படத் தட்டுத் தடுமாறிச் சொல்கிறார். கேட்டவர் பொறுத்துக் கேட்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். என் தாயின் குரலைக் கேட்க இந்த உலகத்துக்கு விருப்பமில்லையெனில், என் குரலும் அதற்கு வேண்டாம் என்று அன்று தீர்மானித்தாள். அதன்பின் பாடசாலையிலே பேசுவதை விட்டுவிட்டாள். பல ஆண்டுகள் அந்த மௌனம் நீடித்தது. பேச விரும்பியபோது பேச்சு எழவில்லை. பின்னர் அவ்வனுபவத்தைக் குழந்தைகளுக்கென எழுதி 2024இல் வெளியிட்ட நூலுக்கு, 'என் தொண்டையிலுள்ள கல்' என்று பொருள்படும் பெயரை இட்டார்.

அன்பர்களே, அந்த மின்குமிழை யோசியுங்கள். சொல் தெரியாத தாய் ஒரு கவிதையைச் சொன்னாள். சொல் தெரிந்தவருக்கு அது கேட்கவில்லை. வெளிச்சம் தேடிப் போன இடத்திலே ஒரு பிள்ளையின் குரல் அணைந்தது. ஆசிரியர் இதனைத் திட்டமிட்டுப் பின்னிய உவமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறார். நடந்ததே குறியீடாக நிற்கிறது. மேல்வகுப்பிலே ஆங்கில ஆசிரியை ஒருவர் அம்மாணவியின் கட்டுரையைக் கண்டு ஊக்கம் கொடுத்தார். வாயிலே நின்ற சொல் கையிலே இறங்கிற்று. பேசாத பிள்ளை எழுதத் தொடங்கினாள்.

நமது பிள்ளைகளுள்ளும் எத்தனையோ பேர் இன்று கனடாவிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் தாய்க்காகக் கடையிலும் வைத்தியசாலையிலும் மொழிபெயர்த்து நிற்கிறார்கள். தாய் தாழ்த்தப்படுவதைப் பார்க்கிற பிள்ளையின் மனத்திலே எந்தக் கல் விழுகிறது என்பதை இந்நூல் நமக்குக் காட்டுகிறது.

பாட்டியின் பாதம்

இந்நூலின் தெய்வம் பாட்டி. தந்தையின் தாய். கணவனை இழந்து பல பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர்; மூலிகையும் ஆவிகளை அழைத்து நோய் தீர்க்கும் முறையும் அறிந்தவர். பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசை. யுத்தம் முதலிற் சிதறடித்தது. பிறகு குடியேற்றம் சிதறடித்தது.

2020இல் வெளிவந்த சிறுவர் நூல் ஒன்றிலே கலியா அப்பாட்டியின் கால் நகங்களை வெட்டிவிட்டதைச் சொல்கிறார். வெடித்த பாதங்களின் பிளவுகளிலே பழைய மண் படிந்திருந்தது. எத்தனை முறை கழுவினும் போகாத மண். வெறுங்காலோடு மலையிலே நடந்த காலத்து மண். நாட்டை விட்டு வருகையில் ஒருபிடி மண்ணை முடிந்து கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதுவர். இந்தப் பாட்டி முடிந்து கொண்டுவரவில்லை. மண்ணே அவரை விடாமற் கூட வந்தது.

பிறப்பாடை

பாட்டி 2003இல் காலமானார். நூலின் இறுதிப் பகுதி அவருடைய மரணச் சடங்கைப் பற்றியது. இந்நூலின் குறியீடுகள் எல்லாம் சென்று சேருமிடம் அது.

ஹ்மொங் மொழியிலே நச்சுக்கொடிக்கும் சட்டைக்கும் ஒரே சொல். குழந்தை உலகிற்கு வரும்போது உடுத்த முதல் ஆடை அதுவே என்பது கருத்து. ஆண்குழந்தையாயின் அதனை வீட்டின் நடுத்தூணருகே புதைப்பர். பெண்குழந்தையாயின் பெற்றோரின் படுக்கையின் கீழே புதைப்பர். ஒருவர் இறந்தால் அவருடைய உயிர், தான் வாழ்ந்த ஊர்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் பின்னோக்கி நடந்து, பிறந்த இடத்தை அடைந்து, அந்தப் பிறப்பாடையை எடுத்து உடுத்துக்கொண்டு முன்னோரிடம் செல்லவேண்டும். அது கிடையாத உயிர் அலையும்.

ஆகவே சடங்கிலே வழிகாட்டுவோர் ஒருவர் இருக்கிறார். பறை ஒலிக்க, மூங்கிற் குழல்கள் சேர்ந்த கேங் என்னும் வாத்தியம் ஒலிக்க, அவர் ஊர்களின் பெயர்களைப் பின்னோக்கி வரிசையாகச் சொல்லி உயிரை அழைத்துச் செல்கிறார். அமெரிக்காவிலிருந்து தாய்லாந்தின் முகாம், முகாமிலிருந்து மீகொங் ஆறு, ஆற்றுக்கப்பால் காடு, காட்டுக்கப்பால் மலை, மலையிலே பிறந்த கிராமம். உயிரோடிருக்கையில் எந்தக் கடவுச்சீட்டும் கொடாத பயணத்தை மரணத்திலே பாட்டி செய்கிறார். காலந்தாழ்த்தி வீடு வந்தவர் யார் என்பது அப்போது நமக்குப் புரிகிறது.

இவ்வழியிலே ஓர் ஊரையும் விடமுடியாது என்பதைக் கவனியுங்கள். முகாம் அவமானம், அதைச் சொல்லவேண்டாம் என்று தாண்டினால் உயிர் வழி தவறும். துன்பம் நிகழ்ந்த இடமும் வழியின் ஒரு பகுதியே. அதனைப் பெயர் சொல்லி, அதன் வழியாகவே நடந்து, அப்பாற் செல்லவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயிருக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. வழி சொல்ல உயிரோடிருக்கும் ஒருவருக்கு அந்த ஊர்களின் பெயர் தெரிந்திருக்கவேண்டும். முகாமிலே பிறந்த கலியாவுக்கு அந்த வழியில் எத்தனை ஊர் தெரியும்? அவர் பிறந்த பான் வினாய் முகாம் 1992இல் மூடப்பட்டுவிட்டது. அவருடைய பிறப்பாடை எங்கே? அமெரிக்க வைத்தியசாலையிலே பிறந்த தம்பி தங்கையருடையது எங்கே? இக்கேள்விகளை வாசகராகிய நாம் கேட்கிறோம். விடை நூலின் உருவத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாட்டியின் மறைவை ஒட்டியே கலியா எழுத முனைந்தார். சடங்கிலே வழிகாட்டுவோர் செய்ததைப் புத்தகத்திலே பேத்தி செய்தார். ஊர்களை வரிசையாகச் சொன்னார். மண்ணிலே புதைக்க முடியாத பிறப்பாடையைத் தாளிலே வைத்துவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. இப்படிப் பேசுவதால் அகதி வாழ்வின் ஒவ்வொன்றையும் குறியீடாக்கி இரசிக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். பசி குறியீடு அன்று, பசி பசியே. காட்டிலே இறந்த குழந்தை இறந்த குழந்தையே. மக்கள் பொறுக்கமுடியாததைப் பொறுப்பதற்குப் பற்றிக்கொண்டவை எவையோ அவற்றையே குறியீடு என்றேன். நண்பருக்கு என் விடை இவ்வளவுதான்.

நமக்கு என்ன?

அன்பர்களே, நமது கிரியைகளிலும் சங்கற்பத்தின்போது குருக்கள் காலத்தையும் இடத்தையும் கோத்திரத்தையும் பெயரையும் சொல்கிறார். எங்கே நிற்கிறோம், யாருடைய வழியில் வந்தோம் என்று சொல்லாமற் கிரியை தொடங்குவதில்லை. நச்சுக்கொடியை வளவிலே புதைத்த வழக்கத்தை நமது பாட்டிமாரும் அறிவார்கள்.

1958இலும் 1977இலும் 1983இலும் 1990இலும் வீடிழந்து ஓடியவர்கள் இச்சபையிலே இருக்கிறீர்கள். மண்டபம் முகாமின் வரிசையை அறிந்தவர்களும் நம்மிடையே உண்டு. 2009இல் செட்டிகுளத்துக் கூடாரத்தில் பிறந்த பிள்ளை இன்று இச்சங்கத்தில் அங்கத்துவம் பெறும் வயதை அடைந்துவிட்டது. அப்பிள்ளைக்குத் தன் வீட்டார் நடந்து வந்த ஊர்களின் பெயர் வரிசை தெரியுமா? பல வீடுகளிலே பெரியவர்கள் பேசுவதில்லை. பிள்ளைகள் கேட்பதில்லை. பெரியவர் வேதனைப்படுவார் என்று பிள்ளை அஞ்சுகிறது. பிள்ளை வேதனைப்படும் என்று பெரியவர் அஞ்சுகிறார். இரு பக்கத்து அன்பும் சேர்ந்து வழியை மறைக்கின்றன.

ஆகவே வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையிலே வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் அருகே கொப்பியும் பேனையுமாக உட்காருங்கள். பெரிய கதை கேட்கவேண்டாம். பிறந்த ஊரிலிருந்து இன்றிருக்கும் வீடு வரைக்கும் தங்கிய இடங்களின் பெயர்களை மட்டும் கேளுங்கள். பாடசாலை, கோயில், மரத்தடி, முகாம், எதையும் விடாமல் எழுதுங்கள். எழுதியவற்றை அடுத்த ஆண்டு மலரிலே வெளியிட இடம் ஒதுக்குமாறு நிருவாக சபையினரை யான் கேட்டுக்கொள்கிறேன். பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். கேட்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் அவர்கள்தாம் நமக்கு வழி சொல்லவேண்டும்.